ஹைட்ரசீன் கிடங்கில் ஆறாம் நாள்

நிலவின் தென் துருவம். கடம்பம் எரிபொருள் கிடங்கு.
பதிவு எழுதுபவர்: காப்பாளர் உமையாள். ஒற்றை ஆள் பணி.

சஷ்டி முதல் நாள், 06:00

தொட்டி 1: 18 டிகிரி. தொட்டி 2: 17. தொட்டி 3: 11, நேற்றைவிட ஒன்று குறைவு. ஹீட்டர் சோர்ந்துகொண்டு வருகிறது, பார்க்க வேண்டும். அழுத்தம் மூன்றிலும் சரி. வாசல், அடுப்படி, படுக்கை மூன்று இடத்து பேட்ஜும் வெள்ளை.

இதைப் படிக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. புதிதாக வருகிற காப்பாளராகவும் இருக்கலாம். அதனால் விளங்க எழுதுகிறேன். இங்கே இருப்பது ஹைட்ரசீன். பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரிதான், நிறம் கிடையாது. இரிடியம் பூசிய மணிகள் மேல் இதை விட்டால் நெருப்பும் வேண்டாம், காற்றும் வேண்டாம், தானாகவே கொதிவாயுவாகப் பொங்கி வண்டியைத் தள்ளும். இறங்குகிற வாகனம் எல்லாம் இதை நம்பித்தான் இறங்குகிறது. இதற்கு மீனும் அமோனியாவும் கலந்த வாடை. ஆனால் மூக்கை நம்பாதீர்கள். மூக்குக்குத் தெரியவரும்போது வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். பேட்ஜைப் பாருங்கள். அதில் தடவியிருப்பது வனிலாச் சத்து. ஹைட்ரசீன் பட்டால் மஞ்சளாகும்.

காலை பூஜை ஆயிற்று. ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழத்தூளும்.

06:40

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து: "கடம்பம், குட் மார்னிங் அம்மா. இன்ஸ்பெக்ஷன் வண்டி அஞ்சாம் நாள் இறங்குது. பைலட் மெர்லின். கூட வர்றது தலைமைப் பாதுகாப்பு ஆய்வாளர் பாலதண்டாயுதம் சார். ரிட்டயர்மென்ட்டுக்கு முந்தின கடைசி டூர். நல்லபடியா கவனிச்சு அனுப்புங்க."

பெயரை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். மறுபடியும் கேட்டேன்.

06:52

முருகா, நான் கேட்டது நிழலும் சோறும்தான். இவனை நான் கேட்கவில்லை. நீயாக அனுப்புகிறாய்.

இரண்டாம் நாள், 06:00

தொட்டி 3: 10. மற்றவை சரி. பேட்ஜ்கள் வெள்ளை.

11:15

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வருகிற பதிவுகள் யாருக்கும் புரியாது.

என் கணவர் சொக்கலிங்கம் போர் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு தனியார் கொட்டகையில் மெக்கானிக். பறக்கும்போது எஞ்சின் நின்றுபோனால் விமானி கையில் ஒன்றும் நிற்காது, இறக்கையை அசைக்கவும் மின்சாரம் வேண்டுமே. அதற்காக விமானத்துக்குள் ஒரு சின்ன அவசர யூனிட் வைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பதும் இதே ஹைட்ரசீன்தான், கொஞ்சம் தண்ணீர் கலந்தது. அந்த யூனிட்டைக் கழற்றி, நிரப்பி, மாட்டுவது அவர் வேலை. "நம்ம கைய நம்பி ஒருத்தன் மேல பறக்குறான் உமை" என்பார்.

ஒரு வியாழக்கிழமை வேலையிடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரி நடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். பேட்ஜ் மஞ்சளாக இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் கிசுகிசுத்தார்கள். அப்போது அவர் வந்தார், பாலதண்டாயுதம், கொட்டகையின் பாதுகாப்பு அதிகாரி. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் பேசினார். அந்தப் பணிவு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"பயப்படாதீங்கம்மா. பேட்ஜுல இருக்கறது மஞ்சத்தூளாட்ட இருக்குதுங்க. எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்தீங்கதானுங்க?"

ஆமாங்க என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு நான் கட்டியது தயிர்சாதம். அன்றன்று சமைத்ததை எழுதிவைக்கிற நோட்டு ஒன்று கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் உண்டு. வியாழன்: தயிர்சாதம், மாவடு. எனக்கே தெரியும். ஆனாலும் பெரிய மனிதர் கேட்கிறாரே, அவர் சொல்வதை மறுத்தால் மரியாதை இல்லையே என்று தலையாட்டினேன். பெரியவர்கள் பேசினால் ஆமாம் போடு என்றுதான் என்னை வளர்த்தார்கள்.

வெறும் வலிப்பு என்று வைத்தியம் பார்த்தார்கள். ஹைட்ரசீன் என்று தெரிந்திருந்தால் முதலில் போட்டிருக்க வேண்டியது பி6, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற வைட்டமின் ஊசி. போடவில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டார். அறிக்கையில் எழுதினார்கள்: "பேட்ஜில் காணப்பட்ட நிறம் வீட்டு உணவிலிருந்து. மனைவி உறுதிசெய்தார்."

மனைவி உறுதிசெய்தார். அந்த இரண்டு சொல்லை நான் பத்தொன்பது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள், 06:00

தொட்டி 3: 9. ஹீட்டர் கம்பி ஒன்று செத்திருக்கிறது. மாற்றுக் கம்பி இருக்கிறது. ஆனால் தொட்டி இருக்குமிடம் ரோவரில் நாற்பது நிமிடம். கிடங்கைத் தனியாக விட்டுவிட்டு நான் போகக்கூடாது. மெர்லின் வந்ததும் போகச் சொல்லலாம். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் ஹைட்ரசீன் உறைந்துவிடும். அதுவரை தாங்கும்.

14:30

நேற்று விட்டதைத் தொடர்கிறேன்.

துணிமணிகளோடு பேட்ஜும் வீட்டுக்கு வந்தது. பல மாதம் கழித்து ஒரு வளைகாப்பில் பின்கட்டில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவந்தது. ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்று கை நின்றுவிட்டது. வீட்டுக்கு ஓடி அந்த பேட்ஜின் ஓரத்தில் ஒரு துளி சுண்ணாம்புத் தண்ணீர் வைத்தேன். மஞ்சள் அடர்ந்ததே தவிர, சிவக்கவில்லை. பக்கத்தில் சமையல் மஞ்சளைக் காகிதத்தில் தேய்த்து அதிலும் ஒரு துளி வைத்தேன். குங்குமம் மாதிரி சிவந்தது.

பத்தாவதோடு நின்றவள் நான். அன்று மாலையே நூலகத்தில் வேதியியல் புத்தகம் எடுத்தேன். புரியாத சொல்லை எல்லாம் சமையல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். நோட்டும் பேட்ஜும் சேர்த்து மனுப் போட்டேன். "மனைவி உறுதிசெய்தார்" என்ற வரியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மனு, மூன்று பதில், ஒரே வரி.

பிறகு ஆய்வகத்தில் பாத்திரம் கழுவப் போனேன். கழுவிக்கொண்டே படித்தேன். வாயு கையாளும் உரிமம் எழுதினேன், இரண்டாம் முறை தேறினேன். இந்தத் தனிமைக்கு யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். எனக்கு வீட்டிலும் தனிமைதான்.

நான்காம் நாள், 06:00

தொட்டி 3: 8. பேட்ஜ்கள் வெள்ளை. விரதத்தால் தளர்ச்சி இல்லை. மனம்தான்.

17:20

வண்டி நிலவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவர்கள் அலைவரிசை என் பெட்டியிலும் கேட்கிறது.

மெர்லின்: "எக்கா, உமையாக்கா! நாகர்கோவில்காரி வாறேன். சாப்பிட்டியளா? ஐயோ, விரதம்லா! ஒங்க பங்கையும் சேத்து நானே தின்னுருதேன், கவலப்படாதீங்க."

சிரிக்க வைத்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். இதற்கு முன் நான்கு முறை வந்திருக்கிறாள்.

17:48

இதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். ஒலிப்பதிவும் இருக்கிறது.

பாலதண்டாயுதம்: "இந்த பேட்ஜை எல்லாம் அப்படியே நம்பிறக் கூடாதுங்க மெர்லின். எங்க கொட்டகையில ஒருத்தனுக்கு மஞ்சளாப் போச்சு. எல்லாரும் அலறிட்டாங்க. விசாரிச்சா, ஊட்டுக்காரி கட்டிக் குடுத்த எலுமிச்சை சாதமுங்க! ஊரைக் காப்பாத்துற கருவி, ஒரு டிபன் பாக்ஸுகிட்ட தோத்துப் போச்சு பாத்துக்குங்க."

மெர்லின்: "அப்பொ அவரு பொழச்சாரா சார்?"

பாலதண்டாயுதம்: "அது வேற நோவுங்க."

சிரித்தார். வகுப்புகளில் சொல்வாராம் இதை. எல்லாரும் சிரிப்பார்களாம்.

18:05

வேல் இருக்கிறது முருகன் கையில். என் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், 10:10

இறங்கிவிட்டார்கள். நல்ல இறக்கம். வண்டி நிழலோரமாக நிற்கிறது.

12:30

இரண்டு மணி நேரம் கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். தலைக்கவச ரேடியோவில்: "இத்தனை சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்லீங்கம்மா. அடுப்படி மாதிரி வெச்சிருக்கறீங்க." நூற்றுக்கு நூறு என்று கையெழுத்துப் போட்டார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று நடையில் நின்றவளின் முகத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார், தலையாட்டலை மட்டும்தான் பார்த்திருப்பார்.

கேட்டேன். ஒரு வழி கொடுக்க வேண்டுமே. "கொட்டகையில் சொக்கலிங்கம் என்று ஒருவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா?"

"எந்த யூனிட்டுங்க? ரொம்பப் பேரு வந்தாங்க, போனாங்க. ஞாபகம் இல்லீங்களே."

13:00

நாளை ஆறாம் நாள். சூரசம்ஹாரம். அன்று காலை முதல் சம்ஹாரம் முடியும் மாலைவரை நான் மௌனம். பணி ஒப்பந்தத்திலேயே எழுதி அனுமதி வாங்கியது. யாராவது கேட்டால் மணியில் பதில் சொல்வேன். ஒன்று என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம். இருவருக்கும் சொல்லிவிட்டேன். "பக்திமானுங்க" என்று கும்பிட்டார்.

21:00

வெளிக் கேமராவில் பார்த்தேன். வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடும் எரிபொருள் குழாயின் ஹீட்டர் எரியவில்லை. அதைப் போடுவது பட்டியலில் ஆய்வாளரின் வேலை. மறந்திருக்கிறார். குழாய்: மைனஸ் 9. உறைந்துவிட்டது.

தெரிவிக்க வேண்டும். விதி அதுதான். இன்னும் மௌனம் தொடங்கவில்லை.

தெரிவிக்கவில்லை.

ஆறாம் நாள், 06:00

தொட்டி 3: 6. பேட்ஜ்கள் வெள்ளை. மௌனம் ஆரம்பம். இனி எழுத்துதான்.

14:05

மெர்லினைத் தொட்டி 3க்கு ரோவரில் அனுப்பினேன், ஹீட்டர் கம்பி மாற்ற. சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வேலை உண்மையான வேலை. நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான். இதை மறைக்கப் போவதில்லை.

அவள் போகும்போது: "நாலு மணிக்குள்ள வந்துருதேன் எக்கா. சம்ஹாரம் முடிஞ்சதும் சேந்து சாப்பிடணும், பாத்துக்கிடுங்க."

15:02

புறப்பாட்டு நேரம் 19:00. வண்டியைச் சோதித்ததில் குழாய் உறைந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. விண்ணுடையில் இறங்கி அடியில் படுத்திருக்கிறார். கையில் சுற்றுகிற ஹீட்டர் பட்டை.

15:09

உறைவைப் பற்றி. இதைப் புதிய காப்பாளர் மனப்பாடம் செய்ய வேண்டும். தண்ணீர் உறைந்தால் விரியும். ஹைட்ரசீன் உறைந்தால் சுருங்கும். சுருங்கிய இடத்தில் தொட்டியிலிருந்து இன்னும் வந்து நிறைந்து அதுவும் உறையும். ஆகவே உருக்கும்போதுதான் ஆபத்து. எப்போதும் தொட்டிப் பக்கத்திலிருந்து, மெதுவாக, உருகியது திரும்பிப் போக வழிவிட்டு உருக்க வேண்டும். நடுவில் சூடு வைத்தால் இரண்டு பக்கமும் அடைப்பு, நடுவில் விரிவு. குழாய் தாங்காது.

15:14

"கீப்பரம்மா, கேக்குதுங்களா? பைப்பு நடுவுல பட்டையைச் சுத்தி முழுச் சூட்டுல வெச்சர்லாம்னு இருக்கறேன். உறையறப்பதான் பைப்பு வெடிக்கும், உருகறப்ப என்னங்க ஆகப்போகுது? வேண்டாம்னா ரெண்டு மணி அடிங்க."

விரல் மணிப் பொத்தான் மேல் இருக்கிறது.

15:16

ஒரு மணியும் அடிக்கவில்லை. பொய் சொல்லவில்லை. இரண்டு மணியும் அடிக்கவில்லை.

"மணியக் காணோமுங்க. அப்ப சரிங்க. மௌனம் சம்மதமுங்க, ஹஹ்ஹா."

15:21

குழாய் பிளந்தது. சத்தம் இல்லை, இங்கே எதற்கும் சத்தம் இல்லை. கேமராவில் வெள்ளைப் பனிச் சிதறல். அவர் உருண்டு எழுகிறார். உடை முழுக்கத் தெறித்திருக்கிறது. வண்டியின் ஏணியும் கதவும் அதிலேயே நனைந்து உறைந்துவிட்டன. அந்தப் பக்கம் ஏற முடியாது.

"ஐயோ அம்மா! வெடிச்சுப் போச்சுங்க! கதவத் தெறங்க!"

15:23

அவர் உடையில் காற்று 33 நிமிடம். திரையில் தெரிகிறது. கிடங்கின் வெளிக்கதவில் நின்று அடிக்கிறார். ஹைட்ரசீன் பட்ட உடையோடு யாரையும் உள்ளே விடமுடியாது. இரண்டு கதவுக்கும் இடையிலுள்ள நடுவறையில் கழுவ வேண்டும், முதலில் நீராவி, பிறகு நீர்த்த ப்ளீச் கரைசல். பதினோரு நிமிடம். அதைக் குறைக்க வழியில்லை, பொறியில் அப்படி; முடியும்வரை அங்கே மூச்சுக்காற்று கிடையாது, உள்கதவும் திறக்காது. கணக்குப்படி நேரம் தாராளம்.

15:24

மௌனத்தை முறித்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை.

"சார். நான் சொக்கலிங்கத்தோட வீட்டுக்காரி. அன்னைக்கு நான் கட்டுனது தயிர்சாதம்."

15:27

கதவை அடிப்பதை நிறுத்தினார்.

"அம்மா… அதெல்லாம் பழைய கதைங்க. மஞ்சத்தூள்னு அன்னைக்கு எல்லாருந்தான்…"

"பேட்ஜ் எதனால மஞ்சளாச்சுன்னு சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. பதிவாகுது."

15:36

சொன்னார். அழுதுகொண்டே. அப்படியே எழுதுகிறேன்.

"கசிவுதானுங்க. பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. இணைப்புல தப்பான வாஷரு. வாங்குனது நானு. எழுதுனா அத்தனை விமானத்தையும் தரையில நிறுத்தச் சொல்லுவாங்க, என்னையத் தூக்கிருவாங்க. பொண்ணுக்கு அப்பத்தான் நிச்சயம் பண்ணியிருந்தமுங்க."

"டாக்டர் கேட்டாரா?"

15:44

எட்டு நிமிடம் திணறித் திணறிச் சொன்னார்.

"கேட்டாருங்க. மூணு தடவை போன் பண்ணுனாரு. ரசாயனம் ஏதாவது பட்டுதா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. இல்லைன்னுட்டனுங்க. மூணு தடவையும்."

மூன்று தடவை. இது எனக்குத் தெரியாது.

காற்று மீதி: 12 நிமிடம். கழுவ: 11. வெளிக்கதவுப் பொத்தான் என் இடது கைப்பக்கம். இப்போது அழுத்தினால் சரியாக இருக்கும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இதைத்தான் நான் கேட்க வேண்டியிருந்தது, இத்தனை வருஷமும்.

"அன்னைக்கு நான் தலையாட்டாம இருந்திருந்தா?"

15:46

"தெறந்துருங்கம்மா. கால்ல உழுகறேன். தாயே."

காத்திருக்கிறேன்.

15:48

"எம் பேரனுக்கு ரெண்டு வயசுங்க…"

காத்திருக்கிறேன்.

15:50

"அப்பவும் அதையேதாங்க எழுதியிருப்பேன். நீங்க என்ன சொல்லியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். உங்களைக் கேட்டதே… ஒரு பேருக்குத்தானுங்க."

வெளிக்கதவைத் திறந்தேன். உள்ளே விழுந்தார். கதவை மூடினேன். கழுவல் தொடங்கியது.

காற்று மீதி: 6 நிமிடம். கழுவ: 11.

15:52

நீராவி. கண்ணாடி வழியாகத் தெரிகிறது. என்னைப் பார்க்கிறார். இப்போது முகத்தைப் பார்க்கிறார்.

விபத்து அறிக்கை எழுதுகிறேன், நேரம் இருக்கிறது. காரணம்: குழாய் உறைந்ததைக் காப்பாளர் உமையாள் முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கே அறிந்தும் சொல்லவில்லை. தவறான முறையில் உருக்கப் போவது தெரிந்தும் மணி அடிக்கவில்லை. நேரம் இருந்தபோது கதவைத் திறக்கவில்லை. தெரிந்தே. உணவிலோ கருவியிலோ விமானியிடமோ குறை எதுவும் இல்லை. காப்பாளர் உறுதிசெய்கிறார். இதில் ஓர் எழுத்தையும் யாரும் திருத்த வேண்டாம்.

15:54

மெர்லின்: "எக்கா, கம்பி மாத்தியாச்சு, ஏழு டிகிரி காட்டுது! நான் பொறப்பட்டுட்டேன். சார் என்ன செய்தாவ? வாயத் தெறக்க மாட்டியள்லா, ஒரு மணியாவது அடிங்க."

என்னால் பேச முடியும். விரதம்தான் முறிந்துவிட்டதே. என்ன சொல்வது என்று

15:56

காற்று: 0. கழுவல்: 5 நிமிடம் மீதி. ப்ளீச் கரைசல் ஓடுகிறது. கையைக் கண்ணாடியில் வைத்திருக்கிறார். நான் என் கையை வைக்கவில்லை.

மெர்லின் மறுபடி கூப்பிடுகிறாள்.

15:58

கை கண்ணாடியில் இல்லை.

16:01

கழுவல் முடிந்தது. விளக்கு பச்சை. உடை சுத்தம், பேட்ஜ் வெள்ளை.

உள்கதவை இப்போது திறக்கலாம்.